உடன் போகிறவருக்கு: பாலியல் வன்கொடுமையும் சட்டம் தரும் பாதுகாப்பும்

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒருவர் அந்த நேரத்தில் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார். அதற்கான தெம்பு அவரிடம் இருக்காது. பெரும்பாலும் ஒரு தோழியிடமோ, அக்காவிடமோ, கூட வேலை செய்கிறவரிடமோதான் முதலில் வாய் திறப்பார். அடுத்து எங்கே போவது, யாரிடம் என்ன கேட்பது என்பதெல்லாம் அப்படிக் கேட்டுக்கொண்ட ஆளின் பொறுப்பாகிவிடுகிறது. அந்த ஆள் நாளைக்கு நீங்களாகவும் இருக்கலாம் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இந்தியச் சட்டத்தில் இதற்கான உரிமைகள் குறைவில்லாமல் இருக்கின்றன. ஆனால் மூன்று நான்கு சட்டங்களிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. போதாக்குறைக்கு 2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பெயரும் எண்ணும் மாறிவிட்டன. இந்திய தண்டனைச் சட்டம் இருந்த இடத்தில் இப்போது பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ். பாலியல் வன்கொடுமைக்கான தண்டனைப் பிரிவாக நாம் காலங்காலமாகக் கேட்டுப் பழகிய 376 இப்போது 64. வக்கீல்களே இன்னும் பழைய எண்ணைச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். யாருக்கு என்ன கடமை என்பது தெரிந்தால் போதும். சில இடங்களில் மட்டும் எண்ணும் கைகொடுக்கும், அவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஆஸ்பத்திரி

போலீஸா ஆஸ்பத்திரியா என்று குழம்பினால் ஆஸ்பத்திரி. எப்.ஐ.ஆர். இல்லாமல் தொடமாட்டோம், போலீஸ் கடிதம் வாங்கி வாருங்கள் என்று சில இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. பி.என்.எஸ்.எஸ். 397ஆவது பிரிவின்படி அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி எதுவானாலும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும். மறுத்தால் மருத்துவமனையின் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அதைச் சொல்வது பி.என்.எஸ். 200. வரவேற்பு மேசையில் இந்த இரண்டு எண்களை அமைதியாகச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனி மாறும்.

மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தெரிவிக்கும், அது அவர்கள் கடமை. ஆனால் வயது வந்த ஒரு பெண்ணிடம், புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று சொல்ல முடியாது. உடல் பரிசோதனைக்கும் அவருடைய சம்மதம் வேண்டும். முழுப் பரிசோதனைக்கு ஒத்துக்கொள்ளலாம், ஒரு பகுதிக்கு மட்டும் ஒத்துக்கொள்ளலாம், பரிசோதனையே வேண்டாம், மருந்து மட்டும் போதும் என்றும் சொல்லலாம். மருத்துவர் அதைப் பதிவு செய்துகொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன.

நேரம் இங்கே முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். உடலிலிருந்து எடுக்கும் தடயங்கள் சுமார் 96 மணி நேரம் வரை, அதாவது நான்கு நாட்கள் வரை கிடைக்க வாய்ப்புண்டு. குளிக்காமல், அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் போவது நல்லது. துணிகளைக் காகிதப் பையில் வைத்துக் கொண்டுபோகலாம். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். ஏற்கெனவே குளித்தாகிவிட்டதா? சரி, பரவாயில்லை, அதனால் வழக்கு போய்விடாது. நான்கு நாட்கள் தாண்டிவிட்டாலும் போகலாம். காயங்களைப் பதிவு செய்யவும் சிகிச்சை பெறவும் அப்போதும் உரிமை உண்டு.

இருவிரல் பரிசோதனை என்ற அவமானத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு பெண் 'பழக்கப்பட்டவரா' என்று பார்ப்பதாகச் சொல்லி நடந்துவந்த இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது. 2013இலேயே உச்ச நீதிமன்றம் இது பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்றது. அப்படியும் நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை நிறுத்தும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஜார்க்கண்ட் வழக்கு ஒன்றில், இனி இதைச் செய்கிற மருத்துவர் தவறான நடத்தைக்காகக் குற்றவாளி ஆவார் என்றே எழுதியது. யாராவது இதைச் செய்ய முனைந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுதிக் கொடுங்கள் என்றும் கேளுங்கள்.

கரு உருவாகியிருந்தால், 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின்படி 24 வாரங்கள் வரை கலைக்கலாம். 20 வாரங்கள் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், அதற்கு மேல் இருவர் வேண்டும். 24ஐத் தாண்டினால் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும், ஆகவே தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

காவல் நிலையத்தில்

என் பார்வையில் இந்த நீண்ட பாதையில் ஆட்களை அதிகம் உதிர்ப்பது நீதிமன்றம் அல்ல, காவல் நிலையத்தின் முதல் ஒரு மணி நேரம். 'எங்க லிமிட் இல்லைம்மா', 'அய்யா வெளியே போயிருக்கார், நாளைக்கு வாங்க', 'பையன் வீட்ல பேசிப் பாக்கலாமா' என்ற மூன்று வாக்கியங்களில் ஒன்றைக் கேட்டுவிட்டு வீடு திரும்பி, மறுபடி போகாதவர்கள் ஏராளம். மூன்றுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது.

எல்லை என்பது ஒரு தடையே அல்ல. சம்பவம் ஓசூரில் நடந்திருந்தாலும் திருநெல்வேலியில் புகார் கொடுக்கலாம். அங்கே எப்.ஐ.ஆர். பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பிவைப்பது அவர்கள் வேலை. ஜீரோ எப்.ஐ.ஆர். என்று இதற்குப் பெயர். முன்பு வெறும் நடைமுறையாக இருந்ததை இப்போது பி.என்.எஸ்.எஸ். 173 சட்டமாகவே எழுதிவிட்டது. அனைத்து மகளிர் காவல் நிலையம்தான் வேண்டும் என்றும் இல்லை, எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். ஆனால் பெண் கொடுக்கும் புகாரை எழுதிக்கொள்கிறவர் பெண் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தகவல் தரலாம், மூன்று நாட்களுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் அது எப்.ஐ.ஆர். ஆகும்.

'நாளைக்கு வாங்க' என்பதற்கு லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம். பதிய மறுக்கும் அதிகாரிக்கு பி.என்.எஸ். 199 ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு ஆண்டு வரை போகக்கூடிய கடுங்காவல் தண்டனையை வைத்திருக்கிறது. புதிய சட்டத்தில் ஒரு சிறிய பொந்து உண்டு: மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை தரக்கூடிய குற்றங்களில், மேலதிகாரியின் அனுமதியோடு 14 நாட்கள் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டு முடிவெடுக்கலாம். பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டு; அதனால் இந்தப் பொந்து அதற்குப் பொருந்தாது. மானபங்கம் போன்ற புகார்களில் இதைக் காட்டி இழுத்தடிக்கப் பார்க்கலாம் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

தமிழ்நாட்டில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் சி.எஸ்.ஆர். புகாரை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது அது, அவ்வளவுதான். அதை எப்.ஐ.ஆர். என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. கையில் இருக்கும் தாளில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எப்.ஐ.ஆரின் நகலை அங்கேயே, இலவசமாக, பாதிக்கப்பட்டவர் கையில் தர வேண்டும். எப்.ஐ.ஆர். போட மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் அசைவில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் மனு போடலாம்.

விசாரணைக்காகப் பாதிக்கப்பட்டவரை ஸ்டேஷனுக்கு அலைக்கழிக்கக் கூடாது. வீட்டிலோ அவர் சொல்லும் வேறு இடத்திலோ, பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவர் கூட இருக்க, முடிந்தவரை பெண் அதிகாரி வந்து எழுதிக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் சைகை மொழி அறிந்தவரோ சிறப்புக் கல்வியாளரோ உடன் இருக்க வேண்டும், வீடியோ பதிவும் கட்டாயம். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மருத்துவர் ஏழு நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். புலன்விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டியது இப்போது போலீஸின் கடமை. இதை யாரும் தாங்களாகவே செய்வார்கள் என்று நான் நம்பவில்லை. கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

இதற்கிடையே நடுவர் முன்னால் தனியாக ஒரு வாக்குமூலம் பதிவாகும். பழைய ஆட்கள் '164 ஸ்டேட்மென்ட்' என்பார்கள், இப்போது அது 183. முடிந்தவரை பெண் நடுவர்தான் பதிவு செய்ய வேண்டும். போலீஸ் எழுதிக்கொள்வதைவிட இதற்கு எடை அதிகம் என்பதால், சொல்ல வேண்டியதை அவசரமில்லாமல் சொல்லலாம், தண்ணீர் கேட்கலாம், நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம்.

'ஏன் கத்தவில்லை?'

1972இல் மகாராஷ்டிராவில், காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடி இளம்பெண் இரண்டு காவலர்களின் வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்கு. 1978இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கான அடையாளம் இல்லை, ஆகவே சம்மதம் இருந்திருக்கும் என்பது காரணம். 1979இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு என்ற அவர்களது வாதம் நாடெங்கும் போராட்டமாகப் பரவி, 1983இல் சட்டத்தையே மாற்றியது. 2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு, 2013இல் இன்னும் பெரிய திருத்தம் வந்தது.

இன்றைய நிலை இதுதான். சம்மதம் என்றால் சொல்லாலோ சைகையாலோ தெளிவாக, தானாக முன்வந்து தெரிவித்த உடன்பாடு. உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்து சம்மதித்தார் என்று முடிவு கட்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பயத்தில் உறைந்துபோனவரும், மிரட்டலில் வாய் மூடியவரும், சுயநினைவு இல்லாதவரும் சம்மதித்தவர்கள் ஆகமாட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவரோடு முன்பு காதலில் இருந்தாரா, வேறு யாரோடாவது உறவு இருந்ததா என்ற கேள்விகளை, சம்மதத்தை நிரூபிக்கவோ மறுக்கவோ நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது. நண்பர்களாகிய நாமும் அதையெல்லாம் கேட்காமல் இருக்கப் பழகினால் நல்லது.

புகார் தாமதமானால் என்ன? பத்தாண்டு தண்டனைக்குரிய குற்றம் என்பதால் காலக்கெடு எதுவும் கிடையாது. பயமும் குடும்ப மானமும் தாமதத்துக்கு இயல்பான காரணங்கள் என்று 1996இலேயே குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நம்பத்தகுந்ததாக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் மட்டுமே தண்டனைக்குப் போதும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

பெயர் வெளியே போகக் கூடாது

பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அடையாளம் காட்டக்கூடிய எதையுமோ வெளியிடுவது பி.என்.எஸ். 72இன் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஊர், கல்லூரி, அப்பாவின் பெயர், முகத்தை மறைத்துவிட்டு வீட்டைக் காட்டுவது எல்லாமே இதில் அடங்கும். இறந்துபோனவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 2018இல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்திரிகைக்கு மட்டுமான சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாட்ஸ்அப் குழுவில் 'இந்தப் பொண்ணுக்கு நீதி வேண்டும்' என்று போட்டோவோடு பகிர்கிறவரும் இதில் மாட்டுவார், நல்ல மனசோடு செய்தாலும்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் இந்த விதியை மிகப் பகிரங்கமாக மீறியது அரசுத் தரப்புதான். 2019இல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் காவல்துறை வழியாகவும் அரசாணை வழியாகவும் வெளியே வந்தது. மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி அரசுக்கு உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் வழக்கில் எப்.ஐ.ஆரே இணையத்தில் பரவியது. பாலியல் குற்றங்களின் எப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இலேயே சொல்லியிருந்தும் இப்படி நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் தரச் சொல்லி, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது. மாணவியின் படிப்புக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் பல்கலைக்கழகத்துக்குச் சொன்னது. ஐந்து மாதத்தில், 2025 ஜூன் 2 அன்று, குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்கள் என்றால், அது தனிக் குற்றம். மிரட்டல் செய்திகளை அருவருப்பில் அழித்துவிட வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தரங்கப் படங்கள் எந்தச் சமூக ஊடகத்திலாவது ஏறியிருந்தால், பாதிக்கப்பட்டவர் அந்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்பிய இரண்டு மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று, 2026 பிப்ரவரியில் திருத்தப்பட்ட 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன; அதற்கு முன் இது 24 மணி நேரமாக இருந்தது. பொள்ளாச்சியில் குற்றவாளிகளின் ஆயுதமே வீடியோதான். எட்டுப் பெண்கள் முன்வந்து சாட்சி சொன்னார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்து, அந்தப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

பணம் கேட்பது தவறில்லை

இழப்பீடு என்றாலே 'காசுக்காகப் புகார் கொடுத்தாள்' என்று பேசுவார்கள் என்ற பயம் பலருக்கு. வேலைக்குப் போக முடியாத மாதங்கள், வீடு மாறும் செலவு, மனநல சிகிச்சை என்று செலவு வரிசைகட்டி நிற்கும். அரசு பாதுகாப்புத் தரத் தவறியதற்கு அரசு தரும் பணம் இது. குற்றவாளியிடமிருந்து வரும் 'செட்டில்மென்ட்' தொகையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018இல் வகுத்த திட்டத்தின்படி, பாலியல் வன்கொடுமைக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் வரை, கூட்டு வன்கொடுமைக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எப்.ஐ.ஆர். நகலோடு விண்ணப்பிக்கலாம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குற்றவாளி யார் என்றே தெரியாவிட்டாலும், பிடிபடாவிட்டாலும் இழப்பீடு உண்டு. இரண்டு மாதத்தில் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. அவசரத் தேவைக்கு இடைக்கால நிவாரணமும் கேட்கலாம்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராகவும் குற்றவாளி அந்தப் பிரிவினர் அல்லாதவராகவும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அதற்குத் தனி நிவாரணம் உண்டு: பாலியல் வன்கொடுமைக்கு 5 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு எட்டேகால் லட்சம். பாதித் தொகை மருத்துவ அறிக்கைக்குப் பிறகே வந்துவிட வேண்டும். எப்.ஐ.ஆரில் அந்தச் சட்டத்தின் பிரிவுகளைச் சேர்க்காமல் விட்டுவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. சாதியைக் குறிப்பிட்டே புகாரை எழுதுங்கள்.

வாச்சாத்தியை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டத்து மலையடிவாரக் கிராமம். சந்தனக்கட்டை தேடுவதாகப் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரைச் சூறையாடி, 18 பழங்குடிப் பெண்களை வன்கொடுமை செய்தார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் தர வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்றது. 31 ஆண்டுகள். சட்டம் ஜெயித்த கதையாகச் சிலர் இதைச் சொல்கிறார்கள். அந்தப் பெண்களின் பிடிவாதம் ஜெயித்த கதை என்றுதான் எனக்குப் படுகிறது.

கோர்ட்டில், கோர்ட்டுக்கு வெளியே

விசாரணை மூடிய அறையில் நடக்கும், முடிந்தவரை பெண் நீதிபதி முன். குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாட்சி சொல்ல வேண்டியதில்லை; திரை வைக்கச் சொல்லலாம், காணொளி வழியாகச் சொல்லவும் கேட்கலாம். அரசு வழக்கறிஞர் இருந்தாலும் அவருக்கு உதவியாகத் தன் சொந்த வக்கீலை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். ஜாமீன் மனு வரும்போது தன் தரப்பைச் சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்று 2022இல், உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது வாகனம் ஏற்றிய லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. குற்றவாளியை விடுவித்துவிட்டால், அரசு மேல்முறையீடு செய்யாவிட்டாலும் பாதிக்கப்பட்டவரே செய்யலாம். மிரட்டல் இருந்தால் 2018 சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பாதுகாப்பு கேட்கலாம். குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்றும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சமரசப் பேச்சு எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். ஊர்ப் பெரியவர், சொந்தக்காரர், சில நேரம் போலீஸ். 'அவனே கட்டிக்கட்டும்' என்பது இன்றும் ஒரு தீர்வாகப் பேசப்படுகிறது. சட்டத்தில் இந்தக் குற்றம் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக் கூடியது அல்ல. நீதிமன்றங்களே வழுக்கியதும் உண்டு. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில், தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு ஜாமீன் கொடுத்து, பெண்ணோடு சமரசம் பேசும்படி அனுப்பினார்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், இத்தகைய குற்றத்தில் சமரசம் என்ற எண்ணமே கூடாது என்று கண்டிக்க, சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில், பாதிக்கப்பட்ட பெண்ணின் வீட்டுக்குப் போய்த் தனக்கு ராக்கி கட்டும்படி கேட்க வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் நிபந்தனை போட்ட கூத்தும் நடந்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

18 வயதுக்குக் கீழே என்றால்

போக்சோ சட்டம், 2012. பையன், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதில் ஒரு முக்கியமான வித்தியாசம்: விஷயம் தெரிந்த எவரும் புகார் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியரோ, மருத்துவரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, தெரிந்தும் மறைத்தால் தண்டனை. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்கும் நிர்வாகிக்கும் இது பொருந்தும். குழந்தையின் வாக்குமூலத்தைச் சீருடை இல்லாத அதிகாரி, முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண், குழந்தையின் வீட்டிலேயே எடுக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையை மருத்துவப் பரிசோதனை செய்வது பெண் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும், குழந்தை நம்பும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும்.

சட்டம் எட்டாத இடங்கள்

18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் வன்கொடுமை செய்தால் அது பி.என்.எஸ். 63இன் கீழ் குற்றமில்லை. புதிய சட்டம் எழுதும்போதும் இந்த விலக்கை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பிரிந்து வாழும் மனைவி என்றால் மட்டும் இரண்டு முதல் ஏழு ஆண்டு தண்டனை. மற்றவர்களுக்கு 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஓரளவு உதவும். அதில் பாலியல் கொடுமையும் அடங்கும், பாதுகாப்பு ஆணையும் தங்கும் உரிமையும் கேட்கலாம்.

வயது வந்த ஆண்களின் நிலை இன்னும் மோசம். 'இயற்கைக்கு மாறான' உறவைத் தண்டித்த பழைய 377ஆவது பிரிவைப் புதிய சட்டத்தில் முழுவதுமாகக் கைவிட்டபோது, ஆண் மீதான வன்கொடுமையைத் தண்டிக்க இருந்த ஒரே பிரிவும் போய்விட்டது. தாக்குதல், காயம் விளைவித்தல் போன்ற பிரிவுகளில்தான் இப்போது புகார் கொடுக்க முடிகிறது. திருநர்கள் மீதான பாலியல் கொடுமைக்கு 2019 திருநர் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டு. ஒரே கொடுமைக்கு ஆளைப் பொறுத்துத் தண்டனை மாறுவதற்கு எனக்குத் தெரிந்து நியாயமான விளக்கம் எதுவும் இல்லை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்: உடனடி ஆபத்துக்கு 112. பெண்களுக்கு 181, இவர்கள் மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு இணைத்துவிடுவார்கள். சகி என்ற பெயரில் இயங்கும் அந்த மையத்தில் தற்காலிகத் தங்குமிடம், ஆலோசனை, மருத்துவ உதவி, வக்கீல் எல்லாவற்றுக்கும் ஒரே கூரையின் கீழ் வழி செய்வார்கள். குழந்தை என்றால் 1098. இலவச வக்கீலுக்கு 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்தச் சேவை வருமான வரம்பு பார்க்காமல் கிடைக்கும், ஆகவே வருமானச் சான்றிதழ் கேட்டால் தேவையில்லை என்று சொல்லலாம். புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யாத நிலையிலும், என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் இந்த எண்களை அழைக்கலாம்.